பத்தாவதோடு மூடிவைத்த புத்தகம்

ஹூக் விதியை எழுதாமல் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' தாளைத் தாண்டியவர் நம் மெக்கானிக்கல் பிரிவில் யாரும் இருக்க முடியாது. மீள் எல்லைக்குள் தகைவும் திரிபும் நேர் விகிதத்தில் இருக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். அந்த ராபர்ட் ஹூக் வேறு என்ன செய்தார் என்று கேட்டால் மட்டும் முழிப்போம். நானும் முழித்தவன்தான்.

1665-ல் ஒரு கார்க்கை மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, உள்ளே தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் புத்தகத்தில் இதைப் படித்து இரண்டு மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த ஹூக்கும் இந்த ஹூக்கும் ஒரே ஆள் என்று எனக்கு உறைத்தது இந்த வருடம்தான். ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்த கைதான் உயிரின் முதல் அறையையும் திறந்து பார்த்திருக்கிறது. நாமோ பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றே அந்தப் புத்தகத்தை மூடிப் பரணில் போட்டுவிட்டோம்.

"டேய், நமக்கு அரியர் கிளியர் பண்ணவே நேரமில்ல, இதுல பயாலஜி எதுக்குடா?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. போன வருடம் கேட்டிருந்தால் நானும் அவனோடு சேர்ந்து சிரித்திருப்பேன். இந்த வருடம் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் சட்டைப் பையில் இருந்த மாத்திரை

என் அப்பா கோவையில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் டர்னர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வயிற்று வலி உண்டு. "காரத்தைக் குறைங்க, கவலையைக் குறைங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. அம்மா மோர் கரைத்துக் கொடுப்பார். அப்பா வெள்ளை மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடிப்பார். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் தாங்க முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் என்டோஸ்கோப்பி எடுத்தார்கள். குடற்புண். காரணம் ஒரு கிருமி என்றார் டாக்டர். இரண்டு வகை ஆன்டிபயாடிக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் 14 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். "முழுசாச் சாப்பிடணும்" என்று சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆறாம் நாள் வலி போய்விட்டது. அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். மீதிப் பட்டையைச் சட்டைப் பையில் பார்த்துவிட்டு நான் கேட்டேன். "வலி நின்னு போச்சு கண்ணு. அப்புறம் எதுக்கு அத்தனை மாத்திரையைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கோணும்?" என்றார். எனக்கு பதில் தெரியவில்லை. அதோடு விட்டேனா? அடுத்த வாரம் எனக்குச் சளி பிடித்தபோது அந்த மீதி மாத்திரையில் நாலை எடுத்து நானே விழுங்கினேன். காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாதே!

மூன்று மாதம் கழித்து அப்பாவுக்கு வலி திரும்ப வந்தது. இந்த முறை கறுப்பாக வாந்தி எடுத்தார். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, மூன்று வாரம் வேலையில்லை. பரிசோதனையில் கிருமி அப்படியே இருந்தது. "பழைய மருந்து இனி கேட்குமான்னு சொல்ல முடியாது, வேற மாத்தித் தர்றேன்" என்றார் டாக்டர். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என்னை உறுத்தியது ஒன்றுதான். ஒரு லேத்தில் பேரிங் சூடானால் ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியும். என் அப்பாவுக்கு இந்த 14 நாள் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நூலகத்தின் கடைசி அலமாரிப் பக்கம் போனேன்.

ஈஸ்டர் விடுமுறை செய்த உதவி

முதலில் தேடியது அந்தக் கிருமியைத்தான். பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற மருத்துவர், 1979-ல் நோயாளிகளின் இரைப்பைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது வளைந்த கிருமிகளைக் கண்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்துக் காட்டினால்தான் உலகம் நம்பும். இரண்டு நாள் பார்ப்பார்கள், ஒன்றும் வளராது, தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகள் பல நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால், வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் கிருமிக்கு இதுவரை யாரும் நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறமும் பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கலவையைத் தானே குடித்தார். அப்போது அவருக்கு வயது 32. சில நாட்களில் குமட்டல், வாந்தி. திசு எடுத்துப் பார்த்தபோது இரைப்பை அழற்சி. உள்ளே அதே கிருமி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது தெரியுமா? யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தைச் சமன்படுத்திக்கொள்கிறது. முதலாண்டு வேதியியலில் நாம் எழுதிய அதே அமிலம், அதே காரம்! எல்லாக் குடற்புண்ணுக்கும் கிருமி காரணம் இல்லை. வலி மாத்திரைகளை அள்ளி விழுங்குவதாலும் வரும். ஆனால் என் அப்பா குறைத்த மிளகாயெல்லாம் வீண் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

கேஜ் சொல்லும் பாடம்

சரி, 14 நாள் ஏன்? இதற்கு விடை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கிறது. ஒரு குவியல் பின்களை 'கோ - நோ கோ' கேஜில் சோதிக்கிறோம். கேஜ் எந்தப் பின்னின் அளவையும் மாற்றுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் நூலிழை வித்தியாசத்தை வைத்துச் சிலதைத் தள்ளுகிறது, சிலதை விடுகிறது. டார்வின் 1859-ல் சொன்ன இயற்கைத் தேர்வின் சாரமும் இதுதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பின் குட்டி போடாது, உயிர் போடும். கேஜில் தப்பியவற்றின் குட்டிகளும் பெரும்பாலும் தப்பும் அளவிலேயே பிறக்கும்.

கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, எழுத்துப்பிழை மாதிரி தற்செயலாக ஏற்பட்ட மாற்றத்தால், மருந்தைச் சற்றுத் தாங்கும். மருந்து வந்த பிறகு கிருமி 'கற்றுக்கொண்டு' மாறுகிறதா, முன்னாலேயே மாறியவை தப்பிக்கின்றனவா என்று பெரிய சர்ச்சை இருந்தது. அமெரிக்காவில் லூரியா என்ற உயிரியலாளருக்கு, நடன விருந்து ஒன்றில் ஒருவர் காசு போட்டு விளையாடும் சூதாட்ட மெஷினைப் பார்த்தபோது யோசனை பிறந்தது. எப்போதாவது ஒருமுறை காசு கொட்டுகிற மாதிரி, மாற்றமும் தற்செயலாக முன்னாலேயே வந்திருந்தால், சில குடுவைகளில் தப்பிக்கும் கிருமிகள் கும்பலாக இருக்க வேண்டும், பலவற்றில் ஒன்றுமே இருக்கக் கூடாது. எண்ணிப் பார்த்தார், அப்படியே இருந்தது. அவர் கிருமிகளின் மேல் ஏவியது மருந்தை அல்ல, அவற்றைத் தாக்கும் ஒருவகை வைரஸை. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்த டெல்புரூக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1943-ல் இருவரும் வெளியிட்டார்கள்.

இப்போது அப்பாவின் வயிற்றுக்கு வாருங்கள். முதல் சில நாட்களில் வலுவில்லாத கிருமிகள் சாகின்றன. வலி போகிறது. மிச்சம் இருப்பவை மருந்தைக் கொஞ்சம் தாங்குபவை. அந்த நேரம் பார்த்து நிறுத்தினால் என்ன ஆகும்? இடமும் சாப்பாடும் போட்டியில்லாமல் அவற்றுக்கே! நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 10 மணி நேரத்தில் 30 முறை. கால்குலேட்டரை எடுத்து இரண்டின் 30-ஆவது அடுக்கைப் போடுங்கள்: 107 கோடி! அப்பாவின் கிருமி இதைவிட மெதுவானது. ஆனால் அதற்கு மூன்று மாத அவகாசம் இருந்தது. இரண்டு ஆன்டிபயாடிக்கை ஒன்றாகக் கொடுப்பதன் காரணமும் இதுதான்: ஒன்றைத் தாங்குவது மற்றொன்றில் மாட்டும்.

நான் சளிக்குச் சாப்பிட்டது இன்னும் பெரிய முட்டாள்தனம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளி பாட்டுக்கு இருக்க, என் உடம்பிலுள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கு நான் கேஜ் வைத்துப் பொறுக்கியெடுத்துக்கொண்டிருந்தேன். 1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லிவிட்டார். தொண்டை வலிக்குத் தானாக மருந்து வாங்கி, அரைகுறையாகச் சாப்பிட்டு, தாங்கும் கிருமியை மனைவிக்கு ஒட்டவைத்து, அவள் சாகக் காரணமாகும் ஒருவனை அங்கே கற்பனையாகச் சொன்னார். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சட்டைப் பையைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது.

பம்பும் வால்வும்

கிருமியோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அலமாரி விடவில்லை. நமக்கு மிகவும் நெருக்கமான கதை ஒன்று கிடைத்தது.

ஆயிரத்து நானூறு வருடம் மருத்துவர்கள் நம்பியது இது: சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தைச் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது. 1628-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி இதை உடைத்தார். எதைக் கொண்டு? பெருக்கல் கணக்கைக் கொண்டு! ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு தள்ளும் என்று மிகக் குறைவாகவே வைத்து, துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கினார். அரை மணி நேரத்திலேயே உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம் வந்தது. இன்றைய அளவில் போடுங்கள்: துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர். நம் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர்தான். நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் செய்ய எந்தக் கல்லீரலால் முடியும்? எனவே அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கோவைப் பட்டறையில் பம்பு 'டிஸ்சார்ஜ்' பார்ப்பவர் எவருக்கும் இந்த வாதம் சட்டென்று புரியும்.

கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, புறங்கையில் புடைத்திருக்கும் சிரையின் மேல் ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் ரத்தத்தை முழங்கைப் பக்கமாகத் தள்ளி, அந்த இரண்டாவது விரலை எடுத்துவிடுங்கள். ரத்தம் திரும்பி வராது. உள்ளே இருப்பது வால்வு. பம்பின் ஃபுட் வால்வு மாதிரி ஒருவழிப் பாதை. இந்த வால்வுகளை ஹார்வியின் ஆசிரியரே பார்த்து எழுதியிருந்தார், ஆனால் எதற்கென்று புரிந்துகொண்டவர் மாணவர்தான். ஆசிரியப் பெருமக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்! தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் ஹார்வியால் காட்ட முடியவில்லை. அவர் 1657-ல் இறந்தார். 1661-ல் இத்தாலியின் மால்பீகி, தவளையின் நுரையீரலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அந்த மயிரிழைக் குழாய்களைக் கண்டார். கணக்கு சொன்னதைக் கண்ணாடி காட்டியது.

ஹைட்ராலிக்ஸில் வரும் 'ஹேகன் - பாய்சுவி' சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? பாய்சுவி ஒரு மருத்துவர். பாரிஸின் 'எக்கோல் பாலிடெக்னிக்'கில் படித்தவர். ஆக நம்ம ஜாதி என்று உரிமை கொண்டாடலாம்! ரத்தம் சிறு குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று அறியத்தான் 1840 வாக்கில் கண்ணாடிக் குழாய்களில் சோதனை செய்தார். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. ரத்தம் தண்ணீர் மாதிரி அல்ல, நாளமும் இரும்புக் குழாய் அல்ல. அதனால் கணக்கு அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் ரத்தக் குழாயில் கொழுப்பு கொஞ்சம் படிந்தாலே ஏன் பயப்படுகிறார்கள் என்பது இந்த ஒரு சமன்பாட்டில் தெரிந்துவிடுகிறது. பரீட்சைக்கு எழுதினோம், அது நம் நெஞ்சுக்குள் ஓடுவதைப் பற்றியது என்று தெரியாமலே எழுதினோம்.

நமக்கும் இடம் உண்டு

"அதெல்லாம் மேதைகள் விஷயம்" என்று சொல்லிவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்களை முதலில் விவரித்த ஆன்டனி வான் லீவன்ஹாக், ஹாலந்தில் துணி வியாபாரி. லத்தீன் தெரியாது. தன் கையால் லென்ஸ் தேய்த்து, பித்தளைத் தகட்டில் பதித்துப் பார்த்தார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது சுமார் 270 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய மிளகை ஊறவைத்த தண்ணீரைப் பார்க்கப்போய், அதில் நெளியும் உயிர்களைக் கண்டு 1676-ல் லண்டனுக்கு எழுதினார். யாரும் நம்பவில்லை. 1677-ல் அதே மாதிரி மிளகுத் தண்ணீர் வைத்துப் பார்த்து, அவர் சொன்னது உண்மை என்று சபையில் காட்டியவர் யார்? நம்ம ஹூக்!

நம் ஊர்க் கதையும் உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது எலெக்ட்ரிக்கல் பிரிவில். பிறகு இயற்பியலுக்கு மாறினார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, நம் தோல், எலும்பு, தசைநாண்களுக்கு வலுக்கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் சொன்னார். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு! சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியலுக்குத் திரும்பினார். செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார்.

நாம் எல்லாரும் நோபல் வாங்கப் போவதில்லை. வேலைக்குப் போவோம், வீட்டைப் பார்ப்போம். ஆனால் நம் வீடுகளில் பலவற்றில் முதல் டிப்ளமோ நாம்தான். மருந்துச் சீட்டை வீட்டில் யாரிடம் நீட்டுகிறார்கள்? நம்மிடம். "அரைகுறை அறிவு ஆபத்து, டாக்டர் வேலையை டாக்டர் பார்க்கட்டும்" என்று ஒரு நண்பர் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். மாத்திரை எழுத நான் கேட்கவில்லை. எழுதியதை ஏன் முழுசாகச் சாப்பிட வேண்டும் என்று புரிந்துகொள்ளும் அளவு போதும். என் வீட்டில் ஆபத்தாக முடிந்தது அந்த அளவுகூட இல்லாததுதான்.

எனவே மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, நூலகத்தில் உயிரியலுக்கு ஒரு அலமாரி. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பள்ளி உயிரியல் புத்தகங்களை நாமே கொண்டுவந்து கொடுக்கலாம். இரண்டு, ஒரு மைக்ரோஸ்கோப். மெட்டலர்ஜி லேபில் இருப்பது உலோகத்தின் மேல் ஒளி பட்டுத் திரும்புவதைப் பார்க்கும் வகை. குட்டைத் தண்ணீர் பார்க்க உதவாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படித்த மனு பிரகாஷ், அமெரிக்காவில் தன் குழுவோடு 2014-ல் அறிமுகப்படுத்திய 'ஃபோல்ட்ஸ்கோப்' என்ற காகித மைக்ரோஸ்கோப் 140 மடங்கு காட்டுகிறது. அதுபோல ஒன்று போதும். இல்லாவிட்டால் லீவன்ஹாக் மாதிரி நம் ஒர்க்‌ஷாப்பிலேயே தகடு வெட்டிச் செய்வோம். மூன்று, மாதம் ஒரு மணி நேரம், ஒரு கண்டுபிடிப்பு. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. எந்த டிபார்ட்மெண்ட்டும் வரலாம்.

அப்பா இரண்டாவது மருந்தை முழுசாகச் சாப்பிட்டார். பிறகு எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. இந்த முறை கேஜ் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். முப்பது வருடம் கேஜ் பிடித்த கை அல்லவா, பாதியிலேயே அவர் முடித்துவிட்டார்: "அப்படீன்னா கண்ணு, நான் பாதியில நிறுத்தி, தேறின பீஸையெல்லாம் நானே பொறுக்கி வெச்சிருக்கேன்!" போன மாதம் பட்டறையில் உடன் வேலை செய்பவர் காய்ச்சல் குறைந்ததும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தாராம். அப்பா அவரை உட்கார வைத்து இதே கதையைச் சொல்லியிருக்கிறார்.

பத்தாவதோடு மூடிவைத்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டுங்கள் நண்பர்களே. அதில் எழுதியிருப்பது நம்மைப் பற்றித்தான்.

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்